‘கொடு’ திரையில் தோன்றுவது எப்படி?

பிடிஎஃப் கோப்பாக வெளிவந்த அரசாணை ஒன்றிலிருந்து ‘கொடு’ என்ற சொல்லைப் படியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால், பல நேரங்களில் அது ‘ெகாடு’ என்று வந்து விழுகிறது. கொம்பு தனியே முன்னால் நிற்கிறது. சில கணினிகளில் அதன் அருகே சிறு புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. கோப்பில் கண்ணுக்குச் சரியாக இருந்த சொல், எடுத்து ஒட்டியவுடன் ஏன் இப்படிக் குலைகிறது என்று ஆராய்ந்தால், தமிழ் இணையதளங்களில் நாம் அன்றாடம் பார்க்கும் வேறு பல குறைகளுக்கும் அதுவே வேர் என்பது புலப்படும். கணினி சேமித்து வைப்பது எண்களின் வரிசை. திரையில் நாம் காண்பது அந்த எண்களைக் கொண்டு வரையப்பட்ட படம். இவ்விரண்டும் தமிழில் ஒன்றுக்கொன்று நேராக அமைவதில்லை.

1991 இல் வெளிவந்த உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வகுக்கும் யூனிகோடு தரத்தின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இந்திய மொழிகளுக்காக இங்கே வகுக்கப்பட்டிருந்த இஸ்கி தரத்தின் 1988 ஆம் ஆண்டு அடுக்குமுறையைப் பின்பற்றி, 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றில் உயிரெழுத்துகளுக்கும், க, ங, ச போன்ற அகரமேறிய மெய்களுக்கும், கால், கொம்பு, கொக்கி, புள்ளி முதலிய குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு; ஆனால் கி, கூ, கொ போன்ற உயிர்மெய்களுக்குத் தனி எண் கிடையாது. ஆகவே ‘கொடு’ என்பது நான்கு எண்களாகச் சேமிக்கப்படுகிறது: ககரத்துக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018, டகரத்துக்கு 2975, உகரக் குறிக்கு 3009. மெய் முதலில், அதைத் தொடர்ந்து உயிர் என்ற இந்த வரிசை நாம் ஒலிக்கும் வரிசை. கொம்பு கண்ணுக்கு இடப்பக்கம் தெரிகிறது என்பதை இந்த எண் வரிசை பொருட்படுத்துவதில்லை.

இந்த நான்கு எண்களைப் படமாக்குவது எழுத்துக் கோர்ப்பு நிரலின் வேலை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் வளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் பெஹ்தாத் எஸ்பஹ்போத். நிரல் முதலில் 3018 என்ற ஒகரக் குறியைக் கொம்பு (3014), கால் (3006) என்று இரண்டாகப் பிரிக்கிறது. பிறகு கொம்பை ககரத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. அடுத்ததாக, எழுத்துருக் கோப்புக்குள் இருக்கும் மாற்று அட்டவணையைத் திறந்து, டகரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் ‘டு’ என்ற ஒரே வடிவத்தைப் போடு என்ற விதியைக் கண்டு அதன்படி மாற்றுகிறது. முடிவில் கொம்பு, க, கால், டு என நான்கு வடிவங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே சென்றவையும் நான்கு, வெளியே வந்தவையும் நான்கு என்றாலும், முதல் வடிவம் இரண்டாம் எண்ணிலிருந்து வந்தது, கடைசி வடிவம் இரண்டு எண்கள் சேர்ந்து உருவானது. ஈயத்தில் அச்சுக் கோர்த்த நாள்களில் இதே வேலையைக் கோர்ப்பவரின் கை செய்தது. ‘கொ’ என்று கையெழுத்துப் பிரதியில் கண்டவுடன் முதலில் கொம்பை எடுத்துக் கட்டையில் வைத்தவர் அவர்தான்.

இப்போது பிடிஎஃப் கோப்புக்குத் திரும்பலாம். பக்கம் எந்த அச்சுப்பொறியிலும் ஒரே மாதிரி வரவேண்டும் என்பதே அந்தக் கோப்பு வகையின் நோக்கம் என்பதால், அதற்குள் சேமிக்கப்படுபவை கோர்ப்பு முடிந்த பிறகு கிடைத்த வடிவங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் எந்த யூனிகோடு எண் உரியது என்ற அட்டவணை ஒன்று கூடவே இருக்கும். படியெடுக்கும்போது, கோப்பைத் திறந்து காட்டும் மென்பொருளான படிப்பான் அந்த அட்டவணையைப் பார்த்து வடிவங்களை இடமிருந்து வலமாக எண்களாக்குகிறது. கொம்பு முதலில் இருப்பதால் 3014 முதலில் வருகிறது, ‘ெகாடு’ பிறக்கிறது. புள்ளி வட்டமோ, சார்ந்து நிற்க மெய் இல்லாமல் ஒரு குறி தனித்து வந்துவிட்டது என்று கோர்ப்பு நிரல் தரும் அறிவிப்பு. படியெடுக்கும்போது குலைவது மட்டுமே இழப்பன்று. அந்தக் கோப்பில் ‘கொடு’ என்று தேடினாலும் பல படிப்பான்களில் கிடைக்காது, பார்வையற்றோருக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் தடுமாறும். மூல உரையையும் உள்ளே சேர்த்து வைக்க பிடிஎஃப் தரத்தில் வழி உண்டு. அலுவலகங்கள் அந்த வழியைப் பின்பற்றுவதும், அதே அரசாணையைச் சாதாரண வலைப்பக்கமாகவும் வெளியிடுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் இணையத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் அப்போது புழங்கின. ஒவ்வோர் இதழும் தனக்கென ஒன்றை வைத்திருந்ததால், அதைத் தரவிறக்காமல் பக்கத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். 1997 இல் வெளிவந்த உலாவிகள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதியைத் தந்தபோதும், மைக்ரோசாஃப்டும் நெட்ஸ்கேப்பும் ஆளுக்கொரு வழியில் சென்றன. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் தரங்களை வகுத்தது. விண்டோஸ் 2000 தன்னுடனேயே லதா எழுத்துருவைக் கொண்டுவந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. கைப்பேசியில் தமிழ் தெரியாத காலத்தில் ஓப்பெரா மினி உலாவி, எழுத்துகளைத் தன் வழங்கியிலேயே படமாக வரைந்து அனுப்பும் வசதியைத் தந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் தமிழ்நாடு அரசு 2010 இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. கோர்ப்பு வேலையே தேவைப்படாத எளிமை அதில் உண்டு. எனினும் உலாவிகள் பேசும் மொழி யூனிகோடு என்றாகிவிட்ட பிறகு, அதைச் சரியாகக் கையாளும் நிரல்களை எழுதுவதே நடைமுறைக்கு உகந்த வழி.

சரியாகக் கையாளுவதில் முதல் சிக்கல், ஒரே படத்தைப் பல எண் வரிசைகள் தருவது. ‘கொ’ என்பதை 2965, 3018 என்றும் சேமிக்கலாம். 2965, 3014, 3006 என்றும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே அறிவித்திருக்கிறது, ஆனால் தரவுத்தளம் எண்களை அப்படியே ஒப்பிட்டால் இவை வேறு வேறு சொற்கள். உள்ளே வரும் எல்லா உரையையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்ற வசதி பெரும்பாலான நிரல்மொழிகளில் இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ‘கௌ’ விஷயத்தில் அந்த ஒரு வரியும் உதவாது. ஔகாரக் குறியின் எண் 3020. பலர் அதை விட்டுவிட்டு, ‘கெ’ என்று அடித்து ளகரத்தைப் பக்கத்தில் சேர்க்கிறார்கள். கண்ணுக்கு ‘கௌதமன்’ என்றே தெரிந்தாலும், உள்ளே இருப்பது ‘கெளதமன்’. தேடுபொறியும் குரல் மென்பொருளும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். கடையின் பெயரிலேயே இந்தக் குறை இருந்தால், சரியாகத் தட்டச்சு செய்து தேடும் வாடிக்கையாளருக்கு அந்தக் கடை அகப்படாமலும் போகலாம்.

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கை. ‘தமிழ்’ என்ற சொல்லில் எழுத்து மூன்று என்று நாம் சொல்வோம். வலைப்பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று பதில் வரும், ஏனெனில் அது இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. செய்தித் தலைப்பை இத்தனை எண்களுக்கு மேல் போனால் வெட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதப்பட்ட நிரல், புள்ளிக்கு முன்னால் வெட்டிவிட்டால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும், பொருளே மாறிவிடுகிறது. நாம் எழுத்து என்று கருதும் அலகுகளாக உரையைப் பிரித்துத் தரும் வசதி இப்போது உலாவிகளுக்குள்ளேயே இருக்கிறது, 2024 இல் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஏற்றுக்கொண்டதோடு முதன்மை உலாவிகள் அனைத்திலும் அது கிடைக்கிறது.

பெயரைக் கேட்கும் படிவங்களிலும் இதே கோளாறுதான். பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று நிரலாளர் விதி எழுதும்போது, யூனிகோடில் ‘எழுத்து’ என வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டும் அனுமதித்தால் ‘கமலா’ என்ற பெயர் மறுக்கப்படும். இறுதியில் உள்ள கால் ‘குறி’ என்ற வேறு வகையைச் சேர்ந்தது. கால், கொம்பு, புள்ளி எதுவுமே இல்லாத தமிழ்ப் பெயர்கள் எத்தனை இருக்கும்? குறிகளையும் சேர்த்து அனுமதிக்க விதியில் சில எழுத்துகள் கூடுதலாக எழுதினால் போதும். அதைச் செய்யாத படிவம், தன் தாய்மொழியில் பெயரெழுத விரும்பும் ஒருவரைப் பிழை செய்தவராக்கி நிறுத்துகிறது. வணிக நோக்கில் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு வாடிக்கையாளரை இழக்க நேரிடும்.

வடிவமைப்பாளரின் பங்கு எழுத்துருவில் தொடங்குகிறது. வலைக்கென்றே சுருக்கப்பட்ட வாஃப் 2 கோப்பு வகை 2018 மார்ச்சில் அதிகாரபூர்வ வலைத் தரமாயிற்று. பக்கத்தில் தமிழ் இருந்தால் மட்டும் தமிழ் எழுத்துருவை இறக்கு என்று எண் வரம்பைக் குறித்துச் சொல்லும் வசதியும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துரு வந்து சேரும்வரை கருவியில் உள்ள வேறோர் எழுத்துருவில் உரையைக் காட்டுவது வழக்கம். தமிழ் எழுத்துருக்களின் அகலம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதால், மாறும் நொடியில் வரிகள் உடைந்து பத்தி கீழே குதிக்கும். படிப்பவர் தொடப்போன பொத்தான் விரலுக்கடியிலிருந்து நகர்ந்துவிடும். இந்த நகர்வை கூகுள் 2020 இல் அறிவித்த பக்கத் தர அளவீடுகளில் ஒன்று கணக்கிடுகிறது, மதிப்பு 0.1க்குள் இருந்தால் நன்று என்பது அதன் வரையறை. தேடல் தரவரிசையும் 2021 முதல் இவ்வளவீடுகளைக் கருத்தில் கொள்கிறது. மாற்று எழுத்துருவின் அளவை முதன்மை எழுத்துருவுக்கு ஈடாகச் சற்றே பெருக்கியோ சுருக்கியோ வைத்தால் குதிப்பு பெருமளவு அடங்கும்.

வரி இடைவெளியும் கவனிக்க வேண்டியது. ‘கீ’ மேலே எழும்புகிறது, ‘மூ’ கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்கென வகுத்த இடைவெளியை அப்படியே வைத்தால் தலைகளும் வால்களும் வெட்டுப்படும். நம் சொற்களின் நீளமும் அப்படியே: ‘அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒற்றைச் சொல் கைப்பேசித் திரையின் பாதியைக் கடந்துவிடும், இரு ஓரங்களையும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். தமிழ் அச்சு மரபில் வரியின் ஓரத்தில் இணைப்புக்கோடு இல்லாமலேயே சொல்லை எழுத்தெல்லையில் பிரிக்கலாம்; வலையிலும் அதைச் செய்ய வழி உண்டு. அதற்கு இந்தப் பக்கத்தின் மொழி தமிழ் என்று பக்கத்தின் தலைவரியில் உலாவிக்கு அறிவித்திருக்க வேண்டும். குரல் மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்வதற்கும் அந்த அறிவிப்பே ஆதாரம்.

தமிழ்ப் பக்கங்களுக்கு கூகுளின் விளம்பரச் சேவை 2018 இல்தான் திறந்தது. அதன் பிறகே பல சிறு தளங்களுக்கு வருவாய் என்ற ஒன்று சாத்தியமாயிற்று. இன்று அதே அளவுக்குப் பணத்தோடு பிணைந்திருப்பது செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் உரையை எண்ணும் முறை. ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்களாக, அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று சிறு எண்களாக, எழுதப்படுகிறது: முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் இன்ன எழுத்து என்று காட்டுகிறது. மாதிரிகள் உரையை டோக்கன் எனப்படும் துண்டுகளாக்கி வாங்குகின்றன. பயிற்சி உரையில் அடிக்கடி சேர்ந்து வரும் பைட் தொடர்கள் ஒரே டோக்கனாக இணைக்கப்படும். பயிற்சி உரையில் ஆங்கிலம் மிகுந்திருந்தால் ஆங்கிலச் சொல் முழுதும் ஒரே டோக்கனாகிவிடும், தமிழிலோ ஒரு குறியெண்ணே இரண்டு மூன்றாக உடையக்கூடும். கட்டணம் டோக்கன் கணக்கில் வசூலிக்கப்படுவதால் ஒரே கேள்வியைத் தமிழில் கேட்பவர் கூடுதலாகச் செலுத்துகிறார், மாதிரி ஒரே நேரத்தில் நினைவில் கொள்ளக்கூடிய உரையின் அளவும் அவருக்குக் குறைகிறது.

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓப்பன்ஏஐ நிறுவனம் தந்த எடுத்துக்காட்டில், பழைய முறையில் 116 டோக்கன் பிடித்த தமிழ் உரை புதிய முறையில் 35 ஆகக் குறைந்தது. அதே உரையின் ஆங்கில வடிவம் 27இலிருந்து 24 ஆயிற்று. நான்கு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு இறங்கிவிட்டது. இந்த விகிதம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். ஆகவே தமிழில் வாடிக்கையாளர் சேவை தொடங்க நினைக்கும் நிறுவனம், ஒரு டோக்கனுக்கு என்ன விலை என்று மட்டும் பார்க்காமல், தன்னிடம் வரும் உண்மையான தமிழ்க் கேள்விகள் சிலவற்றை எடுத்து ஒவ்வொரு மாதிரியிலும் எத்தனை டோக்கன் ஆகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே ஒப்பந்தத்துக்குச் செல்ல வேண்டும்; எண்ணித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.