அட்டையில் சாம்பல், அறையில் நீலம்

பெயின்ட் கடையின் ஷேடு கார்டில் (நிற மாதிரி அட்டை) அடுத்தடுத்து இருந்த இரண்டு சாம்பல் நிறங்களில் ஒன்றை அறைச் சுவர்களுக்கு அடித்தாராம் ஒரு வாசகர். கடையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இப்போது அறை நீலம் பூத்து நிற்கிறது. "கலவையில் தப்பா?" என்று கேட்கிறார். அநேகமாக இல்லை.

சாம்பலில் இருப்பது வெள்ளை பேஸ், கொஞ்சம் கறுப்பு, அதோடு துளி மஞ்சளோ சிவப்போ. அந்தத் துளியில்தான் இரண்டு ஷேடுகளும் பிரிகின்றன. உதாரணத்துக்கு, ஒரு வெளிர்சாம்பல் நீல ஒளியில் 60 சதவீதத்தையும் சிவப்பில் 55 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நீலம் 9 சதவீதம் கூடுதல். அட்டையில் பட்ட ஒளி ஒரே தாவலில் கண்ணுக்கு வந்துவிடுவதால் அது சாம்பலாகவே தெரியும்.

அறையில் ஒளி அப்படி விடுபடுவதில்லை. இந்தச் சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்கு, அங்கிருந்து பக்கச்சுவருக்கு. இரண்டாம் தாவலில் நீலம் 36 (60-இல் 60 சதவீதம்), சிவப்பு 30.25: வித்தியாசம் 19 சதவீதம். மூன்றாவதில் 30 சதவீதம். எல்லாத் தாவல்களையும் கூட்டினால் (சுவர் திருப்பி அனுப்புவதை அது விழுங்குவதால் வகுத்தால் போதும்) நீலத்துக்கு 60/40, அதாவது 1.5, சிவப்புக்கு 55/45, அதாவது சுமார் 1.22; அட்டையில் இருந்த 9, அறையில் 23 ஆகிவிட்டது! வட்டிக்கு வட்டி போலத்தான். வேடிக்கை என்னவென்றால், அடர்சாம்பலில் இது இவ்வளவு நடப்பதில்லை. நீலம் 22, சிவப்பு 20 என்றால் 10 சதவீத வித்தியாசம் 13-ஐத் தாண்டாது. சுவரே ஒளியை விழுங்கிவிடுகிறது. ஏமாற்றுவதெல்லாம் வெளிர் நிறங்கள்தான். கூரையும் தரையும் ஜன்னலும் இருப்பதால் நிஜ அறையில் கணக்கு இவ்வளவு ஏறாது. ஆனால் மூலைகளைப் பாருங்கள், நீலச் சாயல் அங்கேதான் திரளும்.

ஆகவே சோதனையையும் மூலையாகவே செய்யுங்கள். ஒவ்வொரு ஷேடுக்கும் இரண்டடி ஹார்ட்போர்டு இரண்டு, பிரைமர் மேல் இரண்டு கோட். ஈரத்தில் நிறம் தப்பாகத் தெரியும், ஓர் இரவு காயட்டும். திறந்த புத்தகம்போல் செங்குத்தாக நிறுத்தி மடிப்புக்குள் பாருங்கள். இரண்டு ஷேடுகளையும் ஒட்டி வைக்காதீர்கள். பக்கத்து நிறம் கண்ணை இழுக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே விரிவாக எழுதிவிட்டார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரவில் அந்த அறையில் எரியப்போகும் அதே பல்பில் ஒரு முறை. வெள்ளை எல்இடியின் ஒளி 450 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம், நீலத்தில் துருத்திக்கொண்டிருக்கும். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சாம்பல்கள் அதன் கீழ் பிரியலாம்.

வாஸ்துக்காரர் திசை பார்த்து நிறம் சொல்வார். திசை முக்கியம்தான், ஆனால் ஜன்னலின் திசை: நேர்வெயில் விழாத வடக்கு ஜன்னலில் வருவது வானத்தின் நீலம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்கே இருப்பதால் அதுவும் மாறும்.

கேட்ட வாசகர் சுவரைச் சுரண்ட வேண்டாம். கூரைக்கும் அதே சாம்பல் அடித்திருந்தால் அதை வெள்ளையாக்கட்டும், நீலத்தைக் கூட்டும் தாவல் சங்கிலி அங்கே அறும். 6500 கெல்வின் பல்பு (நீலம் தூக்கலான வெள்ளை) என்றால் மஞ்சள் பக்கம் சாய்ந்த 4000-க்கு மாற்றட்டும். அதற்கும் நீலம் அடங்காவிட்டால் மட்டும் பெயின்டரைக் கூப்பிடலாம்.