ஈட்டி எறிதலில் 20 சென்டிமீட்டர் எங்கே போகிறது?

2014இல் சூரிச்சில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் செர்பியாவின் தத்யானா யெலாச்சா 64.21 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். தங்கம் வென்ற செக் வீராங்கனை பார்போரா ஷ்போடாகோவா எறிந்தது 64.41. பத்து ஆண்டுகள் கழித்து அதே போட்டி ரோமில் நடந்தது. இன்னொரு செர்பியர் அட்ரியானா விலாகோஷ் 64.42 எறிந்தார். ஆஸ்திரியாவின் விக்டோரியா ஹட்சன் 64.62. மறுபடியும் வெள்ளி, மறுபடியும் அதே 20 செ.மீ. இடைவெளி.

இந்தப் போட்டிகளில் மோதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஷ்போடாகோவா 2008இல் எறிந்த 72.28 மீட்டர்தான் பெண்கள் உலக சாதனை. விலாகோஷும் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டத்தை 2021இல் நைரோபியிலும் 2022இல் கொலம்பியாவின் காலி நகரிலும் வென்றவர். பிறகு அந்த 20 செ.மீ. எதில் போகிறது?

பெண்களுக்கான ஈட்டி 600 கிராம் எடை, 2.20 முதல் 2.30 மீட்டர் நீளம். 64 மீட்டர் போக வேண்டுமானால் அது கையை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. வேகம் வேண்டும். தூரம் கிட்டத்தட்ட வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஒரு சதவீதம் கூடினால் தூரம் இரண்டு சதவீதம் கூடும். இந்தக் கணக்குப்படி 20 செ.மீ.க்குத் தேவையான கூடுதல் வேகம் வினாடிக்கு வெறும் 4 செ.மீ. கண்ணால் பார்த்துப் பயிற்சியாளர் பிடிக்கவே முடியாத வித்தியாசம் இது.

அந்த வேகத்தில் ஓட்டத்தின் பங்கு வினாடிக்கு 5, 6 மீட்டர்தான். மீதியெல்லாம் கடைசி ஊன்றலில் பிறக்கிறது. வலக்கைக்காரர் இடது குதிகாலை ஊன்றியதிலிருந்து ஈட்டி கையை விடும் வரை ஆகும் நேரம், வினாடியில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். திடீர் பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பவரின் கால் நின்றுபோய் மேல் உடம்பு மட்டும் முன்னால் பாயுமே, அதேதான் இங்கேயும். முதலில் இடுப்பு, பிறகு தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு என்று வேகம் கைமாறிப் போகிறது. இடது முழங்கால் மடங்கினால் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். ஓடிவந்த வேகத்தில் ஒரு பகுதி முழங்காலோடு போய்விடும். கையின் பலத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் இடது கால்தான் பதக்கத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த வரிசையில் கை முந்திக்கொண்டால் வேகம் குறைவதோடு நிற்காது. முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிப் பக்கவாட்டில் சுற்றி வந்தால், முழங்கையின் உள்பக்கத் தசைநாரில்தான் முழு இழுப்பும் விழும். ஈட்டிக்காரர்கள் அறுவை சிகிச்சைக்குப் போவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது முனை. ஈட்டி மேலேறும் கோணம் பெரும்பாலும் 32 முதல் 36 பாகைக்குள் இருக்கும். இதில் ஒரு பாகை தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. ஈட்டி போகும் திசையும் அதன் முனை பார்க்கும் திசையும் ஒத்துப்போகாததுதான் பிரச்சினை. முனை அளவுக்கு மீறித் தூக்கியிருந்தால் காற்று அடிப்பக்கத்தில் மோதி வேகத்தைத் தின்னும். எறியும்போது கயிற்றுப்பிடியில் விரல்கள் நேர்க்கோட்டில் தள்ளாவிட்டால் ஈட்டி வில்போல அதிர்ந்துகொண்டே போகும். பறப்பதற்குப் போக வேண்டிய சக்தி அதிர்வில் வீணாகும்.

பலரும் கண்டுகொள்ளாத கடைசி இடம் ஓடுபாதையின் முனை. தூரத்தை அளப்பது வில்வடிவக் கோட்டின் உள்விளிம்பிலிருந்துதானே ஒழிய எறிந்தவரின் காலிலிருந்து அல்ல. எறிந்தபின் உடம்பை நிறுத்த ஒன்றரை, இரண்டு மீட்டர் இடம் தேவைப்படும் என்பதால் எல்லோரும் கோட்டுக்குப் பின்னாலேயே காலை ஊன்றுகிறார்கள். அந்த இடைவெளி தேவைக்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவும் அப்படியே நஷ்டம். 15 காலடி ஓட்டத்தில் ஒவ்வொரு காலடியும் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே 15 செ.மீ. போய்விடும். எதிர்காற்று, ஈரமான தளம், களைத்த கால் எல்லாமே அடியைக் குறுக்கும். அதனால் ஓட்டம் தொடங்கும் இடத்துக்கும் ஈட்டியைப் பின்னால் இழுக்கத் தொடங்கும் இடத்துக்கும் பாதையோரம் அடையாளம் வைப்பார்கள். முதல் எறிதலில் கால் எங்கே விழுந்தது என்று பார்த்து, இரண்டாவதற்கு முன் இரண்டு அடையாளங்களையும் ஒரே அளவில் நகர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் நடுவே அடிகள் நீண்டோ குறுகியோ தாளம் கெடும்.

விலாகோஷ் 2025 மார்ச்சில் நிக்கோசியாவில் எறிந்தது 67.22 மீட்டர். ரோமில் தங்கம் வென்ற தூரத்தைவிட 2.60 மீட்டர் அதிகம். மேலே சொன்ன கணக்கில் அது வினாடிக்கு அரை மீட்டர் கூடுதல் வேகம்.