டிஸ்லெக்சியா: தமிழில் எப்படிச் சொல்வது?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் எதிரே உட்கார்ந்து வாசிக்கிறான். ‘தோட்டத்தில் மாடு மேய்ந்தது’ என்பது வரி. விரலை முதல் எழுத்தின் மேல் வைத்து, “தொ... தொட்... தொட்டில்” என்கிறான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். ‘மாடு’ சரியாக வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்கு, “மே... மேசையா மிஸ்?” என்று கேட்கிறான். புத்தகத்தை மூடிவிட்டு, “சரி, மாட்டைப் பத்தி நீயே ஒரு கதை சொல்லு” என்றேன். தாத்தா வீட்டு மாடு வேலியைத் தாண்டியது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தது, பாட்டி மோர் கொடுத்துச் சமாதானம் செய்தது என்று ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான்.

வெளியே காத்திருந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி. “டிஸ்லெக்சியான்னு சொல்றாங்களே மிஸ், அப்படின்னா மூளை வளரலையா?”

இந்தப் பயத்துக்குப் பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘டிஸ்’ என்பது கிரேக்க முன்னொட்டு. கடினமான, சீர்கெட்ட என்று பொருள். ‘லெக்சிஸ்’ என்றால் பேச்சு, சொல். சொல்லுதலைக் குறிக்கும் ‘லெகெய்ன்’ என்ற வினையிலிருந்து பிறந்தது அது. நம் ‘சொல்’ வினையாகவும் பெயராகவும் நிற்பதுபோலத்தான். லத்தீனில் வாசித்தலைக் குறிக்கும் வினை ‘லெகெரே’. ஓசையில் நெருங்கிய இந்த இரண்டும் கலந்துபோனதால்தான் ‘லெக்சியா’வில் வாசிப்பு என்ற பொருள் ஏறியது என்பது சொல்லாய்வாளர்கள் தரும் விளக்கம். ஆக, சொல்லின் நேர்ப்பொருள் வாசிப்பதில் சிரமம். அறிவைப் பற்றியோ மூளை வளர்ச்சியைப் பற்றியோ அதில் ஒன்றுமே இல்லை.

சொல்லை உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர். மூளை நோயால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றி 1887-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தச் சொல் இருக்கிறது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1877-இல், அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர் ‘சொற்குருடு’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லைப் புழக்கத்தில் விட்டிருந்தார். குழந்தைகளின் கதை 1896-இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் சீஃபர்ட் என்ற கடலோர ஊரில் மருத்துவராக இருந்த பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பையன் கெட்டிக்காரன், விளையாட்டிலும் சளைத்தவன் இல்லை. ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆள் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். மாட்டுக்கதை சொன்ன பையனை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் 1896 அவ்வளவு தூரத்தில் இல்லை.

அடுத்து கிளாஸ்கோவின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் 1917-இல் ஒரு நூலே எழுதினார். அவரும் ‘பிறவிச் சொற்குருடு’ என்றே சொன்னார். தொடக்கத்தில் இதைக் கையில் எடுத்தவர்களில் பலர் கண் மருத்துவர்கள் என்பதால் ‘குருடு’ ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘சொற்குருடு’ என்று எழுதுகிறவர்கள் அந்தப் பழைய ஒட்டுதலைத்தான் பெயர்த்துத் தருகிறார்கள். அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒருவரின் இயலாமையை வசைச்சொல்லாக்கும் வழக்கத்துக்கு அது தீனி போடுகிறது. அதைவிட முக்கியமாக, அது தவறு. கோளாறு கண்ணில் இல்லை. காதில் விழும் சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்து, அந்த ஒலிகளை எழுத்தோடு கோக்கும் மூளையின் வேலை சிலருக்குப் பிறவியிலேயே சுலபமாக நடப்பதில்லை. குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. கண்ணாடி மாற்றிப் பயனில்லை.

இங்கே ‘வாசி’ என்ற நம் சொல் அழகாகப் பொருந்துகிறது. பேச்சைக் குறிக்கும் ‘வாக்’ என்ற வடசொல்லின் வழி வந்தது அது. வாய்விட்டுச் சொல்லுதல் அதன் அடிப்பொருள். வீணை வாசிப்பதும் புத்தகம் வாசிப்பதும் நமக்கு ஒரே வினை. கிரேக்கச் சொல்லும் தமிழ் வழக்கும் வாசிப்பை ஒலியோடு சேர்த்தே பார்க்கின்றன. சிக்கலும் அங்கேதான்.

அதிகம் புழங்கும் சொல் ‘கற்றல் குறைபாடு’. இது டிஸ்லெக்சியாவுக்கு நேர்ச்சொல் அல்ல, குடைச்சொல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ ஒன்று. வாசிப்பில் வரும் டிஸ்லெக்சியா, எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் அதற்குள் அடங்கும். பேச்சில் அந்தக் ‘குறிப்பிட்ட’ உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்ததும் ‘எதையுமே கற்க முடியாதவன்’ என்று அர்த்தமாகிவிடுகிறது. அந்த அம்மா பயந்தது இதைத்தான். அறிவுசார் குறைபாடு வேறு, இது வேறு.

என் பரிந்துரை ‘வாசிப்பு இடர்ப்பாடு’. ‘டிஸ்’ஸுக்கு இடர்ப்பாடு, ‘லெக்சியா’வுக்கு வாசிப்பு. ‘வாசிப்புக் குறைபாடு’ என்று எழுதுவதும் பிழையில்லை. ஆனால் குறைபாடு என்றால் பிள்ளையிடம் ஏதோ குறைகிறது. இடர்ப்பாடு என்றால் வழியில் ஏதோ தடுக்கிறது. தடுக்குவதை எடுத்துவிடலாம், சுற்றிப் போகவும் வழி தேடலாம்.

அப்புறம் ‘ஸ்கிரீனிங்’. இதைத் ‘திரையிடல்’ என்று மொழிபெயர்த்த துண்டறிக்கையைப் பார்த்திருக்கிறேன். பெற்றோர் படம் போடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். இங்கே வேண்டியது சலித்தெடுப்பது என்ற பொருள். ‘முதற்கட்டப் பரிசோதனை’ என்றால் யாருக்கும் புரியும். மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியோ அப்போது ஆசிரியர்களே இதைச் செய்ய வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறிமுறை. இதில் தெரிவது சந்தேகம் மட்டுமே. முடிவு சொல்வது நிபுணரின் முழு மதிப்பீடு. அந்த நெறிமுறைப்படி சான்றிதழும் எட்டு வயது ஆன பிறகுதான். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்கச் சொன்னது.

பிள்ளையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆங்கிலத்தில் சோதித்தால், வீட்டில் ஆங்கிலம் கேட்டே இராத பிள்ளையின் ஆங்கிலத்தைத்தான் அளக்கிறோம். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இதற்காகவே ‘டாலி’ என்ற சோதனைத் தொகுப்பை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் உருவாக்கி 2015-இல் வெளியிட்டது. ஆங்கிலப் பட்டியலை வைத்துக்கொண்டு ‘பி’யையும் (b) ‘டி’யையும் (d) மாற்றி எழுதுகிறானா என்று மட்டும் தேடினால் தமிழ்ப் பிள்ளைகள் கண்ணில் படாமல் போவார்கள். தமிழில் எங்கே தடுக்கும்? ‘தோ’வைப் பாருங்கள். முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் ‘த’, பின்னால் துணைக்கால். உயிரொலி கடைசியில்தான் வருகிறது, ஆனால் அதன் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ‘தொ’வுக்கும் ‘தோ’வுக்கும் வேறுபாடு கொம்பில் ஒரு சுழி மட்டுமே. (அதுவும் வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த சீர்திருத்தம்.) எல்லாக் குழந்தைகளும் முதலில் இங்கே தடுமாறும். மூன்றாம் வகுப்பிலும் கொம்பு, கால், புள்ளி விடுபட்டுக்கொண்டே இருந்து, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கும் பழக்கமும் சேர்ந்தால் கவனிக்க வேண்டும். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். பல வீடுகளில் பேச்சிலேயே அந்த வேறுபாடு இல்லை.

‘ரெமெடியல் டீச்சிங்’குக்கு நல்ல தமிழ் நம்மிடம் இருக்கிறது: குறைதீர் கற்பித்தல். ஆசிரியப் பயிற்சி படித்த எல்லோருக்கும் தெரிந்த சொல். என் வகுப்பில் அது ஒரு தட்டு மணலில் தொடங்கும். பையன் விரலால் கொம்பு போடுகிறான், த எழுதுகிறான், கால் இழுக்கிறான், ‘தோ’ என்று வாய்விட்டுச் சொல்கிறான். கை, கண், காது மூன்றும் ஒரே எழுத்தில். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் எழுதினார்கள். அடுத்து புத்தகமே இல்லாத விளையாட்டு: “‘மரம்’ல ‘ம’வை எடுத்துட்டு ‘க’ போடு.” “கரம்!”

தேர்வு நேரத்தில் இன்னும் சில சொற்கள் தேவைப்படும். ‘ஸ்கிரைப்’ என்பவர் நம் தேர்வுத்துறை வழக்கில் ‘சொல்வதை எழுதுபவர்’. கூடுதல் நேரமும் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் கேட்கலாம். விண்ணப்பத்திலும் சான்றிதழிலும் அலுவலகம் பயன்படுத்தும் பெயரே இருக்கட்டும். வீட்டிலும் வகுப்பிலும் ‘டிஸ்லெக்சியா பையன்’ என்று கூப்பிட வேண்டாம். ‘இவனுக்கு வாசிக்கத்தான் கொஞ்சம் சிரமம்’ என்று சொன்னால் போதும். அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். “வாசிக்கிறதுல மட்டுமா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பையனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.