மூட்டாரே: பண்டமாற்று முதல் மரபணு வரை

மியூட்டேஷன், பெர்முட்டேஷன், கம்யூட்டர் (தினமும் வேலைக்குப் போய்வருபவர்) எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: 'மூட்டாரே' என்ற லத்தீன் வினை. பொருள், மாற்றுதல். லத்தீன் அகராதியில் தேடுகிறவர்கள் 'மூட்டோ' (மாற்றுகிறேன்) என்ற தன்மை வடிவில் பார்க்க வேண்டும்.

தானாக மாறுவதைச் சொல்லப் பெரும்பாலும் இதன் செயப்பாட்டு வடிவமே வரும். 'டெம்போரா மூட்டாந்துர்' என்ற பிற்காலப் பழமொழியை 'காலங்கள் மாற்றப்படுகின்றன' என்று பெயர்த்தால் தமிழாக இருக்காது. 'காலங்கள் மாறுகின்றன' என்பதே சரி. மாறு, மாற்று என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் நம்மிடம் தனித்தனிச் சொல் உண்டே!

பொருளைக் கொடுத்து வேறு பொருள் வாங்குவதும் மூட்டாரேதான். பண்டமாற்றில் உள்ள அதே மாற்று. இதோடு உறவுள்ள 'மூட்டுவும்' ரோமானியச் சட்டத்தில் ஒருவகைக் கடன். பணமோ தானியமோ எண்ணெயோ வாங்கிச் செலவழித்துவிட்டு, அதே அளவில், அதே தரத்தில் திருப்ப வேண்டும். வட்டி வேண்டுமென்றால் அதற்குத் தனி ஒப்பந்தம். நாம் கைமாற்று என்பதும் வட்டி பேசாத கடனைத்தானே? இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் நடந்திருப்பது எனக்குத் தீராத வியப்பு.

அப்புறம் மியூட்டேஷன். இதை உயிரியலில் பரப்பியவர் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ தெ விரீஸ். ஈனோத்தீரா என்ற செடியை வளர்த்துப் பார்த்து, புதிய இனங்கள் ஒரே தாவலில் தோன்றுகின்றன என்று 1901-இல் எழுதினார். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'சடுதிமாற்றம்' அந்தக் கருத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இன்று டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து (அதாவது ஒரு வேதி அலகு) மாறி, வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் அது மியூட்டேஷன்தான். சடுதி என்பது அங்கே ஒட்டவில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'விகாரம்' என்கின்றன. தமிழ்நாட்டுக் காதில் அது அவலட்சணம் என்று விழும். வடசொல்தான், ஆனாலும் என் தேர்வு அதுவே. நன்னூல் சொல்லும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பூ, கொடி சேர்ந்து பூங்கொடி ஆகும்போது ஓர் எழுத்து தோன்றுகிறது. பொன், குடம் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்து திரிகிறது. மரம், வேர் மரவேர் ஆகும்போது ஓர் எழுத்து கெடுகிறது. மரபணுவிலும் எழுத்து புகுவது, வேறாவது, விடுபடுவது என இந்த மூன்றுமே நடக்கின்றன. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'மரபணுத் திரிபு' என்று எழுதலாம். என்ன, மூன்றில் ஒன்றைத்தான் அது நேராகச் சொல்லும்.