முழு அளவு வண்டி என்றால் மற்றது அரை வண்டியா?

போன மாதம் தங்கச்சி மகன் டாலஸிலிருந்து கூப்பிட்டான். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளைத் திண்ணையில் அம்மாவும் நானும் இருந்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டேன். "மாமா, ஒரே ரோசனையா இருக்குதுங்க. லெக்சஸ் ஜிஎக்ஸ் 460 பழசு ஒன்னு நல்ல நெலமைல வருது. இல்லீன்னா செவர்லே சபர்பன் எடுக்கலாம். தமிழ்ல ஒரு வீடியோ பாத்தனுங்க. ஒன்னு நம்பகத்தன்மை மிக்க ஆடம்பர எஸ்யூவி, இன்னொன்னு முழு அளவு எஸ்யூவின்னு சொல்றாங்க."

அம்மா குறுக்கே கேட்டார்: "அப்ப அந்த லெக்சஸு அரை வண்டியா சாமி?"

தமிழ் தெரிந்தவர் யார் கேட்டாலும் அப்படித்தான் கேட்பார். அம்மாவுக்கு விளங்காமல் போனது காரின் தப்பில்லை, அந்தச் சொல்லின் தப்பு. எஸ்யூவி என்கிற உயரமான கார் முதலான வண்டிகள் பற்றிப் பேசும் தமிழ் வீடியோவில், செய்தியில், விளம்பரத்தில் எல்லாம் இந்த 'முழு அளவு' வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கு மேல் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

'முழு அளவு' என்பது 'ஃபுல் சைஸ்' என்ற ஆங்கிலத்தின் நேர் மொழிபெயர்ப்பு. அதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சைஸ்' என்ற சொல் 'அசீஸ்' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் தேய்வு. மன்றம் கூடி விதித்த அளவு என்பது அதன் பொருள். 'ஃபுல் சைஸ்' என்ற கார் வகை அமெரிக்காவில் 1960 வாக்கில் தேவைப்பட்டது. அதற்கு முன் அங்கே பெரிய கம்பெனிகளின் கார் பெரும்பாலும் ஒரே பருமன்தான். பருமனைச் சொல்லத் தனிப்பெயர் வேண்டியிருக்கவில்லை. 1960 மாடலாக ஃபோர்டு ஃபால்கன், செவர்லே கோர்வேர் போன்ற சின்ன வண்டிகள் வந்ததும், பழைய வண்டியைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியதாயிற்று. நடுவில் இன்னொரு வகையும் சேர, சிறுசு, நடு, பெருசு என்று மூன்று படி ஆனது. ஆகவே இது படிநிலைப் பெயர். ஒன்று முழுசு, மற்றது குறை என்ற பேச்சே அதில் இல்லை.

தமிழில் 'முழு' என்ன செய்கிறது என்று பாருங்கள். முழுக்கைச் சட்டை என்றால் அரைக்கைச் சட்டை உண்டு. முழு ஆண்டுத் தேர்வுக்கு அரையாண்டுத் தேர்வு. முழு நிலவு என்றால் தேயாத நிலவு. லாரிக்காரர் "முழு லோடு" என்பார். அது சரி, ஏனென்றால் அரை லோடும் ஓடுகிறது. முழுத் தேங்காய்க்கு எதிரே தேங்காய் மூடி. எந்த இடத்தில் வந்தாலும் 'முழு' தன் எதிரே ஒரு பாதியையோ குறையையோ நிறுத்திவிட்டுத்தான் வரும். 'முழு அளவு' என்று சொன்ன உடனே பக்கத்தில் இருக்கும் வண்டி குறைபட்ட வண்டி ஆகிவிடுகிறது. எட்டு சிலிண்டர் 4.6 லிட்டர் இன்ஜினோடு வந்து, உழைப்புக்கு நல்ல பேர் எடுத்த வண்டி ஜிஎக்ஸ் 460. அதை ஒரு பெயரடை அரை வண்டி ஆக்கிவிட்டது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. செவர்லே டாஹோ 5,351 மில்லிமீட்டர் நீளம்; அமெரிக்கக் கணக்கில் ஃபுல் சைஸ். அதே குடும்பத்து சபர்பன் 5,733 மில்லிமீட்டர். டாஹோவே முழுசு என்றால் அதைவிட ஒரு முழம் போல நீண்டதை என்னவென்று சொல்வது? முழுசுக்கு மேல் தமிழில் இடம் கிடையாது. குடம் நிறைந்தால் நிறைந்ததுதான். ஆனால் 'பெரு' என்பதற்கு மேல் 'நெடும் பெரு' என்று ஏறலாம், தமிழ் வழிவிடும்.

நம்ம ஊர்க் கணக்கையும் சேர்த்தால் இன்னும் குழப்பம். இங்கே டொயோட்டா ஃபார்ச்சூனரை 'முழு அளவு எஸ்யூவி' என்று எழுதுகிறார்கள். அதன் நீளம் 4,795 மில்லிமீட்டர். அமெரிக்காவில் நடுத்தரம் என்று வைக்கப்பட்ட ஜிஎக்ஸ் 460 இதைவிட நீளம், 4,880. அங்கே நடு, இங்கே முழுசு. நாட்டுக்கு நாடு நகரும் ஒரு படிக்கு, நகரவே முடியாத 'முழு' என்ற சொல்லைக் கட்டிவிட்டால் எப்படிப் பொருந்தும்?

'முழு' என்பதற்குப் பருத்தது என்ற பொருளும் உண்டே, சங்கப் பாட்டில் பருத்த அடிமரத்தை 'முழுமுதல்' என்கிறார்களே என்று படித்த நண்பர் ஒருவர் மறுத்தார். உண்மைதான், அழகான சொல். அந்தப் பொருள் இன்றைய பேச்சில் உயிரோடு இருந்தால் முதல் ஆளாக நான் ஏற்றுக்கொள்வேன். அம்மாவின் காதில் அது விழவில்லை, டாலஸில் இருக்கும் பையன் காதிலும் விழவில்லை. வழக்கொழிந்த பொருளைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதை நியாயப்படுத்த முடியாது.

வேண்டிய சொல் நம் கையிலேயே இருக்கிறது: பெருவண்டி. 'பெரு' தமிழில் வகை பிரிக்கும் அடை. சிறுகாப்பியம், பெருங்காப்பியம். சிறுதெய்வம், பெருந்தெய்வம். கோவைக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் பாறையில் வெட்டியிருக்கும் சோழர் காலக் கல்வெட்டு, அந்தச் சாலையை ராஜகேசரிப் பெருவழி என்கிறது. 'முழு வழி' என்று வெட்டவில்லை. அதுவும் வேண்டாம், ரேஷன் கார்டோடு நிற்கும் நம் குடியானவரைக் கேளுங்கள்: இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி, அதற்கு மேல் போனால் பெரு விவசாயி. ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவரையும் முழு விவசாயி என்று யாரும் சொல்வதில்லை. திருப்பூரிலும் கோவையிலும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்ற வரிசை கடன் விண்ணப்பம் வரைக்கும் பழகிவிட்டது. அதே வரிசையில் குறுவண்டி, நடுவண்டி, பெருவண்டி. சபர்பனுக்கு நெடும் பெருவண்டி. படிக்கிறவர் அகராதியைத் தொட வேண்டாம்.

வண்டிக்குப் பேர் வைப்பதில் நாம் கற்றுக்குட்டிகள் இல்லை. ஒறம்பரை (உறவினர்) வீட்டுக்குப் போக மணி கட்டிய சவாரி வண்டி, மூட்டை ஏற்றப் பார வண்டி, கூண்டு இல்லாவிட்டால் மொட்டை வண்டி. நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பத்து டயரா பன்னெண்டு டயரா என்றுதான் கேட்பார்கள். வேலையைப் பார்த்தும் கண்ணால் எண்ணியும் வைத்த பேர்கள் இவை. சபர்பனும் பிறந்தபோது அப்படித்தான்: 1935 மாடலாக, அரை டன் டிரக் சட்டத்தின் மேல் எட்டுப் பேர் உட்காரும் 'கேரியால்' என்ற பேரோடு வந்தது. எல்லாவற்றையும் சுமப்பது என்று அது காதில் விழும். 'காரியோல்' என்ற பிரெஞ்சு வண்டிப் பேரைத்தான் ஆங்கிலப் பாமரர் தங்கள் காதுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு இருந்த துணிச்சல் நம் மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் இல்லை?

அந்த வீடியோவின் 'ஆடம்பர எஸ்யூவி'யும் எனக்கு ஆகவில்லை. ஆடம்பரம் வடசொல்; முரசின் பெயராக, பேரொலியாக இருந்து பகட்டு என்று ஆனது. "ஆடம்பரச் செலவு" என்று திட்டத்தான் நம் வீடுகளில் அது உதவும். சொகுசு தெலுங்கின் 'சொகசு' வழி வந்தது, பக்கத்து வீட்டுச் சொல். உட்கார்ந்தால் இடுப்பு வலிக்காத வண்டியைச் சொகுசு வண்டி என்று நம் பஸ்காரர்களே எழுதிவிட்டார்கள். கூட வரும் 'நம்பகத்தன்மை மிக்க' என்பதை விட்டுவிட்டு 'வழியில் நிற்காத' என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்?

பையனிடம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: "வழியில நிக்காத சொகுசு நடுவண்டியா, எடம் கொள்ற நெடும் பெருவண்டியா, இதுதான் கண்ணு கேள்வி." உடனே பேச்சு இடத்துக்கு வந்தது. மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்தி வைத்தால் ஜிஎக்ஸில் பின்னால் மிச்சம் 11.6 கன அடி, சபர்பனில் 41.5. பவானிசாகர் தண்ணீர்த் திறப்பைக் கன அடியில் கேட்டே வளர்ந்த அம்மாவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சித்திரை கழிந்து தங்கச்சியும் மச்சானும், சம்பந்தி வீட்டு இருவரும் ஆறு மாதத்துக்குப் போகிறார்கள். அவர்களோடு பையனும் மருமகளும் குழந்தையும் சேர்ந்தால் ஏழு பேர், ஆளுக்கு இரண்டு பெட்டி.

"பொட்டியெல்லாம் மடியிலயா வெச்சுக்குவாங்க?" என்றார் அம்மா. "அந்தப் பெருவண்டியவே எடு சாமி."