நலன் முரண்: உள்ளாட்சி ஊழியரை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

ஒரு பேரூராட்சியில் சிமென்ட் சாலை போட டெண்டர் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருப்பதிலேயே குறைந்த விலை கேட்டவருக்கு வேலை கிடைக்கிறது. அவர் அங்குள்ள உதவிப் பொறியாளரின் மைத்துனர். விலையில் மோசடி இல்லை, யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவும் இல்லை. சாலை போட்டு முடித்த பிறகு அதன் நீளம், அகலம், தடிமனை எல்லாம் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தப் பொறியாளர்தான். அவர் எழுதும் அளவை வைத்துத்தான் பில் பாஸாகும்.

இதில் லஞ்சம் இல்லை, ஊழல் என்றும் இதுவரை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் கேட்டால், இது சரியில்லை என்று உடனே சொல்லிவிடுவார்கள். அவர்கள் உணர்கிற அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் என்று பெயர். தமிழில் அதை நலன் முரண் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பொருள். பொதுப்பணியில் இருக்கும் ஒருவர் நடுநிலையோடு எடுக்க வேண்டிய முடிவில் அவருக்கோ அவருக்கு வேண்டியவருக்கோ சொந்த நலன் ஒன்று இருந்து, அது முடிவை ஒரு பக்கம் சாய்க்கக்கூடும் என்றால், அவர் நலன் முரணில் இருக்கிறார். ‘சாய்க்கக்கூடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சாய்த்துவிட்டால் அது வேறு கதை, அதற்குச் சட்டத்தில் வேறு பெயர்கள் உண்டு. நலன் முரண் என்பது ஒருவர் செய்த காரியம் அல்ல, அவர் இருக்கும் நிலை. நல்லவரும் அந்த நிலையில் இருக்க நேரும்.

இன்ட்ரஸ்ட் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலம். ‘இன்டர்’ என்றால் இடையில், ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். இடையில் இருப்பது, அதனால் ஒருவரைத் தொடுவது, அவருக்குப் பொருட்டாக இருப்பது என்று பொருள் விரிந்தது. இடைக்கால ஐரோப்பாவில் கடன் கொடுத்தவருக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டும் தொகைக்கு இந்தச் சொல் வழங்கியது. வட்டி என்ற பொருள் அங்கிருந்து வந்தது. சொத்தில் உள்ள பங்கு, உரிமை என்ற பொருள் சட்டத்தில் நிலைத்தது. ஆர்வம் என்பது பின்னால் வந்து சேர்ந்த பொருள். கான்ஃப்ளிக்ட் என்பதும் லத்தீன்தான். ஒன்றோடொன்று மோதுதல் என்பது அதன் அடிப்பொருள்.

சரி, எதோடு எது மோதுகிறது? பழைய ஆங்கிலச் சட்ட வழக்கைப் பார்த்தால் விடை தெளிவாக இருக்கிறது. 1896-இல் பிரே எதிர் ஃபோர்டு என்ற வழக்கில் ஆங்கில நீதிபதி லார்டு ஹெர்ஷெல் ஒரு விதியைச் சொன்னார். பிறர் நம்பிப் பொறுப்பை ஒப்படைத்த ஒருவர், தம் நலனும் தம் கடமையும் மோதும் இடத்தில் தம்மை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். ஆக, மோதல் சொந்த நலனுக்கும் கடமைக்கும் இடையில். பிற்பாடு தொடர் சுருங்கியபோது ‘கடமை’ உதிர்ந்துபோனது, ‘நலன்’ மட்டும் மிஞ்சியது. தமிழில் இன்றைக்கு நமக்கு இருக்கும் குழப்பத்தில் பாதி இந்தச் சுருக்கத்தால் வந்தது.

தமிழில் இதற்குப் பல சொற்கள் புழங்குகின்றன. ‘ஆர்வ முரண்’ என்று எழுதுபவர்கள் உண்டு. இது தவறு. சாலை ஒப்பந்தத்தில் பொறியாளருக்கு இருப்பது ஆர்வம் அல்ல, உறவும் பணமும் சேர்ந்த பிணைப்பு. ‘நலன்களுக்கிடையிலான மோதல்’ என்று நீட்டி எழுதுவதும் பொருத்தமில்லை. அதைப் படிக்கிறவருக்கு வீட்டு உரிமையாளரும் வாடகைக்கு இருப்பவரும் மோதிக்கொள்வது போல, இரண்டு ஆட்களின் சண்டைதான் மனதில் வரும். இங்கே இழுபறி ஒரே ஆளுக்குள் நடக்கிறது. கிரிக்கெட் வாரியச் செய்திகளில் ‘இரட்டை ஆதாயப் பதவி’ என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள். இரண்டு நாற்காலியில் ஒரே ஆள் உட்காரும் வழக்குகளுக்கு அது ஓரளவு ஒத்துவரும். ஆனால் நம் பொறியாளருக்கு இருப்பது ஒரே பதவி. தவிர, ‘ஆதாயம் தரும் பதவி’ என்பது அரசமைப்புச் சட்டத்தின் 102, 191-ஆம் பிரிவுகளில் வரும் தனிக் கருத்து. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்கம் பற்றியது. இரண்டையும் கலக்கக் கூடாது.

‘நலன்’ ஏன் சரி? நலம் என்பதன் இறுதி மகரம் னகரமானால் நலன். அறம், அறன் ஆவதைப் போன்ற போலி. வழக்கில் இரண்டும் கொஞ்சம் பிரிந்துவிட்டன. உடல் நன்றாக இருப்பதை நலம் என்கிறோம், ஒருவருக்குச் சேரும் நன்மையை, அவர் காக்க விரும்பும் பங்கை நலன் என்கிறோம். தன்னலம், பொதுநலம், நலன் காத்தல் எல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கும் சொற்கள். ‘முரண்’ பழந்தமிழ்ச் சொல். யாப்பில் முரண் தொடை என்பது எதிரெதிர்ப் பொருளுள்ள சொற்களைச் சேர்த்துத் தொடுப்பது. அடிதடியை நினைவூட்டும் ‘மோதல்’ என்ற சொல்லைவிட, இரண்டும் ஒரே இடத்தில் எதிரெதிராக நிற்கின்றன என்று சொல்லும் ‘முரண்’ இந்த நிலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. கடமைக்கு முரணாக நிற்கும் நலன் என்று விரித்துக்கொண்டால் ஹெர்ஷெல் சொன்ன முழுப்பொருளும் திரும்பக் கிடைக்கிறது.

சொல் புதிது, கருத்து பழையது. குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் ‘உட்கோட்டம்’ என்றொரு சொல் வருகிறது. கோட்டம் என்றால் வளைவு. உள்ளத்தில் வளைவு இல்லையென்றால் சொல்லிலும் வளைவு இருக்காது என்பது அந்தக் குறளின் கருத்து. ஆத்திசூடி ‘ஓரம் சொல்லேல்’ என்கிறது. ஓரம் என்பது ஒரு பக்கம் சாய்தல். ஓரவஞ்சனை என்று இன்றும் சொல்கிறோமே, அதே ஓரம்தான். ஆனால் இந்தச் சொற்கள் எல்லாம் வளைந்துவிட்ட மனதைப் பற்றியவை. வளையக்கூடிய இடத்தில் நிற்பதற்கென்று தனிச் சொல் தேவைப்படுகிறது.

உறவு ஒரு பொறுப்பைத் தொடும் என்பதை உத்திரமேரூர்க் கல்வெட்டு எழுதியவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, குடவோலை முறையில் ஆள் தேர்வதற்கான விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவரோடு விதி நிற்கவில்லை. சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தந்தையுடன் பிறந்தவன், பெண் கொடுத்த மாமன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மருமகன் என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியலையே விலக்கி வைக்கிறது. ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டு விலகியிருக்கவும் வேண்டும். அது நிலமுள்ள பிராமணர்கள் மட்டுமே இருந்த சபை, அதை இன்றைய உள்ளாட்சியோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ‘வேண்டியவர்’ என்ற வட்டம் எதுவரை போகும் என்று உட்கார்ந்து யோசித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நடத்தை விதிகளில் ‘குடும்பத்தினர்’ என்பதற்கு வரையறை எழுதுபவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கலாம்.

சென்னை மாநகராட்சியின் தொடக்கக் கதையிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1688 செப்டம்பர் 29-இல் மாநகராட்சி அமைந்தபோது புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையோடு சொந்த வணிகத்தையும் நடத்திப் பெரும் செல்வம் சேர்த்தார். அதற்குப் பதவியைப் பயன்படுத்திக்கொண்டார் என்ற குற்றச்சாட்டுகளுக்கு இடையே 1692-இல் பதவியை இழந்தார். அடுத்த ஆளுநராக வந்தவர், நகரத்தின் முதல் மேயராக இருந்த நத்தானியேல் ஹிக்கின்சன். கம்பெனி ஊழியர்கள் ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே சொந்த வணிகம் செய்வதைக் கம்பெனியே அனுமதித்து வந்ததால் எது குற்றம், எது அனுமதி என்ற கோடு மங்கலாகவே இருந்தது. சொந்த வணிகத்தையும் பரிசு வாங்குவதையும் தடுக்க 1773-இன் ஒழுங்குமுறைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அதே கவலை 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்திலும் தெரிகிறது. 168-ஆம் பிரிவு, வணிகம் செய்யக் கூடாது என்று கட்டுப்பட்டிருக்கும் பொது ஊழியர் வணிகம் செய்தால் குற்றம் என்றது. 169, வாங்கக் கூடாத சொத்தை அவர் வாங்கினாலோ ஏலம் கேட்டாலோ குற்றம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 202, 203-ஆம் பிரிவுகள். ஊரில் நடக்கும் ஏலங்களை நினைத்துப் பாருங்கள்: சந்தை வசூல் குத்தகை, பேருந்து நிலையக் கடைகள், புளியமர மகசூல், கண்மாய் மீன்பாசி. ஏலத்தை நடத்தும் அலுவலகத்தின் ஆளே இன்னொருவர் பெயரில் ஏலம் கேட்பது ஊருக்குத் தெரியாத தந்திரம் அல்ல. ‘தன் பெயரிலோ பிறர் பெயரிலோ கூட்டாகவோ’ என்று சொல்லி, ஏலம் பற்றிய பிரிவு அதற்கும் இடம் வைக்கவில்லை. பினாமி என்ற சொல்லுக்கு மூலம் பாரசீகம், பெயரில்லாதது என்று பொருள். நலன் முரணை மறைக்கும் திரைதான் பினாமி.

1988-இன் ஊழல் தடுப்புச் சட்டம் உள்ளாட்சி ஊழியர்களையும் பொது ஊழியர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 11-ஆம் பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. தன் அலுவலில் தொடர்புடைய ஒருவரிடமிருந்து எதையாவது விலை கொடுக்காமலோ மிகக் குறைந்த விலைக்கோ வாங்கினால் அதுவே குற்றம். நகரமைப்பு ஆய்வாளர், தாம் வரைபட அனுமதிக்குப் பரிந்துரைக்க வேண்டிய மனைப்பிரிவில் பாதி விலைக்கு ஒரு மனை வாங்குவது இந்த இடத்தில் வந்து நிற்கும். அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் 1973-இன் நடத்தை விதிகள் உண்டு. மத்திய அரசு ஊழியருக்கான 1964-இன் விதிகளில் 4-ஆம் விதி இன்னும் நேரடியானது: குடும்பத்தினருக்குத் தொடர்புள்ள நிறுவனத்தின் கோப்பை நீயே பார்க்காதே, மேலதிகாரிக்கு அனுப்பு என்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஊராட்சியோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தில் பங்குள்ளவர் அதன் தேர்தலில் நிற்க 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தகுதியில்லை.

விலகுவது என்றால் எவ்வளவு தூரம் விலகுவது? இதற்கு உச்ச நீதிமன்றம் 1969-இல் கிரைபக் வழக்கில் சொன்ன விடை இன்றும் வழிகாட்டி. இந்திய வனப்பணிக்கு ஜம்மு காஷ்மீரில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வுக் குழுவில் இருந்த ஓர் அதிகாரி தாமும் அந்தப் பணிக்கு ஒரு போட்டியாளர். தம் பெயரைப் பரிசீலித்தபோது அவர் குழுவில் உட்காரவில்லை. ஆனால் மற்ற போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார், தரவரிசைப் பட்டியல் தயாரித்தபோதும் இருந்தார். நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. அவர் உண்மையில் சாய்ந்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை, சாய்வதற்கு நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்றது. ஒரு கையெழுத்தை மட்டும் வேறொருவரை விட்டுப் போடச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் தானே நடத்துவது விலகல் ஆகாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

உள்ளாட்சியில் இந்த நிலை மற்ற இடங்களைவிட அடிக்கடி வரும். தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்ப்பவருக்கு விண்ணப்பதாரர் வெறும் பெயர். ஊராட்சிச் செயலருக்கோ அவர் பங்காளியாக இருக்கலாம், வரப்பு வழக்கில் எதிராளியாகவும் இருக்கலாம். பகையும் நலன் முரண்தான், இதைப் பலர் மறந்துவிடுகிறோம். வேண்டியவருக்கு வீட்டுவரியைக் குறைத்து மதிப்பிடுவது போலவே வேண்டாதவரின் குடிநீர் இணைப்பு மனுவைக் கிடப்பில் போடுவதும் இதில் அடங்கும். சொந்த ஊரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு முரண் வராமலே இருக்காது. ஆகவே அது வந்ததற்காக ஒருவரைக் குற்றவாளிபோல் பார்ப்பது அநியாயம். அப்படிப் பார்க்கும் அலுவலகத்தில் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் ‘ஊழல்’ என்ற ஒரே சொல்லில் போட்டு அடைப்பதால் நேரும் கேடு இதுதான்.

சொல்வதற்குக் கடினமான வாசகமும் வேண்டியதில்லை. ‘இந்தக் கட்டட அனுமதி விண்ணப்பதாரர் என் சகோதரியின் கணவர். எனவே இந்தக் கோப்பை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று குறிப்புத் தாளில் இரண்டு வரி எழுதினால் போதும். இங்கிலாந்தில் 1972-இன் உள்ளாட்சிச் சட்டம், 117-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் பண நலன் இருக்கும் ஊழியர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமே ஆக்கியிருக்கிறது. நம் ஊராட்சி ஒன்றியங்களிலும் நகராட்சிகளிலும் இதற்கென ஒரு பதிவேடு வைத்து, யார் கேட்டாலும் பார்க்கும்படி விட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கடைசியாக, எழுதும்போது சொல்லை ஆளும் முறை. ‘அவர் நலன் முரண் செய்தார்’ என்று எழுதக் கூடாது. ‘அவருக்கு இதில் நலன் முரண் இருக்கிறது’ என்பதே சரி. முன்கூட்டிச் சொல்வதை ‘நலன் அறிவிப்பு’ என்றும், முடிவிலிருந்து ஒதுங்குவதை ‘விலகல்’ என்றும் எழுதலாம். அறிவிக்காமல் மறைத்தால், அங்கே ‘நலன் முரணை மறைத்தார்’ என்ற வினை வரும். அதன் பிறகு நடப்பவற்றுக்குக் கையூட்டு, முறைகேடு, ஊழல் என்று நம்மிடம் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன.