சர்ப்ப தண்டமா, தூதுக்கோலா?

ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆண்டு மலர் மெய்ப்புப் பார்க்க வந்தது. முதல் பக்கத்தில் கல்லூரியின் இலச்சினை: சிறகு முளைத்த ஒரு கோல், அதில் பின்னிக்கொண்ட இரண்டு பாம்புகள். கீழே, 'கடூசியஸ் எனப்படும் சர்ப்ப தண்டம், மருத்துவக் கடவுளின் சின்னம்' என்று விளக்கம். இதே வரியை எத்தனை மலர்களில், எத்தனை பட்டமளிப்பு அழைப்பிதழ்களில் பார்த்தாயிற்று!

கடூசியஸ் லத்தீன் சொல். கிரேக்க மூலம் கெரூகெயோன். கெரூக்ஸ் என்றால் செய்தி அறிவிக்கும் தூதன். மருந்து வாசனையே கிடையாது. கடவுளரின் தூதன் ஹெர்மிஸின் கைக்கோல் அது. வணிகருக்கும் திருடருக்கும் அவன்தான் காவல். செத்தவர்களின் உயிரைப் பாதாளத்துக்குக் கூட்டிப்போவதும் அவன் வேலை. நம்மூர்க் கணக்கில் பாதி எமதூதன். அவன் கோலைத்தான் ஆஸ்பத்திரி முகப்பில் பதித்திருக்கிறோம்.

மருத்துவக் கடவுள் அஸ்கிலேப்பியஸ் வேறு ஆள். அவர் கோலில் ஒரே பாம்பு, சிறகு இல்லை. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்டது இதைத்தான். நம் ராணுவ மருத்துவப் படையின் சின்னத்திலும் ஒற்றைப் பாம்புதான். குழப்பத்தைப் பரப்பியதில் அமெரிக்க ராணுவ மருத்துவப் படைக்குப் பெரிய பங்கு; 1902-இல் அது இரட்டைப் பாம்பைச் சீருடையில் குத்திக்கொண்டது.

சரி, 'சர்ப்ப தண்டம்' ஏன் ஆகாது? தண்டம் என்றால் நமக்கு அபராதமும் தண்டச் சோறும்தான் நினைவுக்கு வரும். பாம்புக்கு யாரோ அபராதம் போட்ட மாதிரி இருக்கிறது. அதைவிடக் கோளாறு, பாம்பு ஒன்றா இரண்டா என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை. இரண்டு கோலுக்கும் பொருந்தும், தப்பு வெளியே தெரியாது. 'நாகக்கோல்' என்கிறார்கள் சிலர். நாகம் என்றால் நல்லபாம்பு. அஸ்கிலேப்பியஸ் பெயரில் ஐரோப்பாவில் வழங்கும் பாம்போ விஷமில்லாதது, சாரைக்கு உறவு. அரசமரத்தடி நாகக்கல்லில் பிணைந்த பாம்புகளைக் கண்டு கும்பிட்டுப் பழகிய கண், கோலில் இரண்டைப் பார்த்ததும் சம்மதித்துவிடுகிறது போலும்.

செங்கோல், எழுதுகோல், அளவுகோல், நெம்புகோல் என்று எத்தனையோ சொற்களைப் பெற்றுப்போட்ட 'கோல்' இருக்கும்போது வேறெங்கே போக வேண்டும்? கடூசியஸ் தூதுக்கோல், அஸ்கிலேப்பியஸ் வைத்திருப்பது மருத்துவக்கோல். அகராதியைப் புரட்டாமலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். மருத்துவக்கோலில் இருப்பது பாம்பே அல்ல, நரம்புச்சிலந்திப் புழு என்றும் ஒரு கருத்து உண்டு. காலைத் துளைத்துத் தலைநீட்டும் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் தினம் கொஞ்சமாக இழுப்பார்கள். உண்மையானால் பெயர் இன்னும் கச்சிதம்.

கிரேக்கமே வேண்டாம், தன்வந்திரி போதும் என்பாரும் உண்டு. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் இலச்சினையில் வண்ணத் தன்வந்திரியைப் பார்த்துச் சர்ச்சை கிளம்பியது. அது வேறு சண்டை.

மெய்ப்பில் 'சர்ப்ப தண்டம்' என்பதிலிருந்து அந்த வரியின் கடைசிவரை அடித்து, 'தூதுக்கோல், தூதர் கடவுளின் சின்னம்' என்று எழுதி அனுப்பினேன். "அப்படின்னா படத்தையே மாத்தணுமே சார்?" என்று போன் வந்தது. ஆமாம் என்றேன். அடுத்த வாரம் மலர் வந்தது, பளபள தாளில், சர்ப்ப தண்டத்தோடு.